பழைய கேம் புது கன்சோலில் ஓடுமா? வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு



கன்சோலை இ.எம்.ஐ-ல வாங்கலாமான்னு பேசின வீடியோவுக்குக் கீழ திரும்பத் திரும்ப வந்த கேள்வி இது: "பிஎஸ்4-ல 20 கேம் வெச்சிருக்கேன். பிஎஸ்5 வாங்கினா அதெல்லாம் ஓடுமா? இல்ல எல்லாத்தையும் மறுபடியும் காசு கொடுத்து வாங்கணுமா?"

கேம் பத்தின கேள்வி மாதிரி தெரியும். உண்மையில இது பணத்தைப் பத்தின கேள்வி. 20 கேம்னா சராசரியா ரூ.2,000 வெச்சாலே ரூ.40,000. கன்சோல் விலைக்குப் பக்கத்துல வந்துடுது. வண்டி வாங்கும்போது மைலேஜ் கேக்குறோம், வீடு வாங்கும்போது வில்லங்கம் பார்க்குறோம். ஆனா கன்சோல் வாங்கும்போது ஏற்கெனவே நாம செலவு செஞ்ச பணம் புது மெஷினுக்குக் கூட வருமான்னு யாரும் பார்க்குறதில்லை.

அவசரத்துல இருக்குறவங்களுக்குச் சுருக்கமான பதில்:

- பிஎஸ்4 கேம் பிஎஸ்5-ல் பெரும்பாலும் ஓடும். டிஸ்க் வெச்சிருந்தா டிஸ்க் டிரைவ் உள்ள மாடல்தான் வேணும்.
- பிஎஸ்1, பிஎஸ்2, பிஎஸ்3 டிஸ்க் எதுவும் பிஎஸ்4-லும் ஓடாது, பிஎஸ்5-லும் ஓடாது.
- எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-ல் பழைய எக்ஸ்பாக்ஸ், எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்குகளில் பட்டியலில் உள்ளவை மட்டும் ஓடும். சீரிஸ் எஸ்-ல் டிஸ்க் போடவே இடம் இல்லை.
- நின்டெண்டோ ஸ்விட்ச் 2-ல் பெரும்பாலான ஸ்விட்ச் கேம்கள் ஓடும். அதுக்கு முந்தைய மெஷின்களோட டிஸ்க்கோ கார்டோ ஓடாது.

இனி விவரமா பார்ப்போம்.

ஏன் சிலது ஓடுது, சிலது ஓடுறதில்லை?

டேலி உதாரணம் சொல்றேன். டேலி இஆர்பி 9-ல் எழுதின கணக்கை டேலி பிரைம்-ல திறக்கலாம். ஒரே குடும்பம், ஒரே மொழி. அதே டேட்டாவை வேற கம்பெனி சாஃப்ட்வேர்ல போட்டா அப்படியே திறக்காது. யாராவது உட்கார்ந்து மாத்திக் கொடுக்கணும். கேம் கதையும் இதேதான். ஒரு கேம் அது எந்த சிப்புக்காக எழுதப்பட்டதோ அந்த சிப்போட மொழியில இருக்கும். புது மெஷினுக்கு அந்த மொழி புரியணும்னா மூணு வழி இருக்கு.

முதல் வழி, பழைய சிப்பையே புது பெட்டிக்குள்ள வைக்கிறது. 2000-ல் வந்த பிஎஸ்2-ல் சோனி இதைத்தான் செஞ்சாங்க. பிஎஸ்1-ஓட பிராசஸரை உள்ளே வெச்சு, பிஎஸ்2 கேம் ஓடும்போது அதுக்கு வேற உதவி வேலை கொடுத்தாங்க. பிஎஸ்1 டிஸ்க் போட்டா அது தன் பழைய வேலைக்குத் திரும்பிடும். ஒரே சம்பளத்துல ரெண்டு வேலை பார்க்குற ஆள் மாதிரி.

ரெண்டாவது வழி, எமுலேட்டர். பழைய சிப் பேசுறதை ஒரு சாஃப்ட்வேர் உடனுக்குடன் புது சிப்புக்கு மொழிபெயர்த்துச் சொல்லும். சிப் செலவு இல்லை. ஆனா மொழிபெயர்ப்பாளர் வேகமா இருக்கணும். புது மெஷின் பழசைவிட பல மடங்கு பலமா இருந்தாதான் தடங்கல் இல்லாம ஓடும். ஒவ்வொரு கேமையும் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்ய ஆள் செலவும் உண்டு.

மூணாவது வழி, ஒரே சிப் குடும்பத்திலேயே தொடர்றது. பிஎஸ்4, பிஎஸ்5 ரெண்டுலயும் ஏஎம்டி சிப்தான். நம்ம கம்ப்யூட்டர்ல இருக்குற அதே எக்ஸ்86 வகை. அதனால பிஎஸ்5-க்குப் பிஎஸ்4 கேம் வேற்று மொழி கிடையாது.

இந்த வசதிக்குப் பேர்தான் பேக்வேர்ட் கம்பாட்டிபிலிட்டி. மூணு வழியில எதை எடுத்தாலும் யாராவது ஒருத்தர் செலவு பண்ணியாகணும். கம்பெனி பண்ணலேன்னா அந்தச் செலவு நம்ம தலையில வந்து விழும். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

சோனி கதை: செலவை யார் கணக்கில் எழுதினார்கள்?

2006 நவம்பர்ல பிஎஸ்3 வந்தது. அமெரிக்க விலை 499 டாலர், பெரிய மாடல் 599 டாலர். முதல்ல வந்த அந்த மெஷின்களுக்குள்ள பிஎஸ்2-ஓட முக்கிய சிப்கள் நிஜமாவே இருந்தன. பிஎஸ்2 டிஸ்க் போட்டா அருமையா ஓடும். ஆனா மெஷினைத் தயாரிக்கிற செலவு விற்கிற விலையைவிட அதிகமா இருந்தது. 2007 மார்ச்சோட முடிஞ்ச நிதியாண்டில் சோனியோட கேம் பிரிவு காட்டின நஷ்டம் சுமார் 23,200 கோடி யென்.

இப்படி ஒரு நஷ்டக் கணக்கு கையில இருக்கும்போது எந்த நிதி மேலாளரும் முதல்ல தேடுறது, "எதை எடுத்தா வாங்குறவங்க பெருசா கவனிக்க மாட்டாங்க?"ங்கறதைத்தான். 2007 மார்ச்ல ஐரோப்பாவுக்கு வந்த பிஎஸ்3-ல் பிஎஸ்2-ஓட முதன்மை சிப்பை எடுத்துட்டு, பாதி வேலையை சாஃப்ட்வேருக்குத் தள்ளினாங்க. அதே ஆண்டு கடைசியில வந்த 40 ஜிபி மாடல்ல பிஎஸ்2 டிஸ்க் ஓடுற வசதியே இல்லை. பெட்டி மேல பேரு அதே பிஎஸ்3. உள்ளே ஒரு வசதி காணோம்.

அடுத்து என்ன ஆச்சுன்னு பாருங்க. 2009-ல் பிஎஸ்2-ல் வந்த ரெண்டு 'காட் ஆஃப் வார்' கேம்களையும் படத்தெளிவு கூட்டி, ஒரே டிஸ்க்கா பிஎஸ்3-க்கு விற்றாங்க. அமெரிக்க விலை 39.99 டாலர். முதல் மாடல் பிஎஸ்3 வெச்சிருந்தவங்க தங்களோட பழைய டிஸ்க்கையே போட்டு ஆடலாம். பின்னால வாங்கினவங்க மறுபடியும் பில் போடணும். மெஷின்ல இருந்து எடுத்த செலவு, ரெண்டு வருஷத்துல கம்பெனிக்கு வரவா மாறிடுச்சு. தப்புன்னு சொல்லலை, வியாபாரம் அப்படித்தான் நடக்கும். வாங்குற நமக்கு அது தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

பிஎஸ்3 கேம்கள் மட்டும் ஏன் இன்னிக்கு வரைக்கும் தனித் தீவா நிக்குது? காரணம் அதோட செல் பிராசஸர். சோனி, டோஷிபா, ஐபிஎம் மூணு பேரும் சேர்ந்து உருவாக்கினது. ஒரு முதன்மை மூளை, அதோட கேமுக்குப் பயன்படுற 6 உதவி மூளைகள். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வேலை பிரிச்சு எழுதின கேமை வேற வகை சிப்புக்கு மொழிபெயர்க்குறது ரொம்பக் கஷ்டமான வேலை. 2013-ல் பிஎஸ்4 வந்தப்போ பிஎஸ்3 டிஸ்க் எதுவும் அதுல ஓடலை. சோனி கொண்டுவந்த மாற்று வழி, எங்கேயோ இருக்குற சர்வர்ல கேமை ஓட்டி, படத்தை மட்டும் இணையத்துல அனுப்புறது. அந்த வசதி பிளேஸ்டேஷன் பிளஸ் பிரீமியம் சந்தாவுல வரும். இந்தியாவுல அறிமுகமானது பிரீமியம் கிடையாது, டீலக்ஸ். அதுல பிஎஸ்1, பிஎஸ்2, பிஎஸ்பி கேம்கள் சிலது உண்டு. பிஎஸ்3 ஸ்ட்ரீமிங் இல்லை. வெளிநாட்டு யூடியூபர் காட்டுறதைப் பார்த்துட்டு "நமக்கும் இருக்கும்"னு நினைச்சு சந்தா கட்டாதீங்க.

பிஎஸ்2 நம்ம நாட்டுல நிறைய வீட்டுக்குப் போன மெஷின். ஹைதராபாத்தில் உருவாகி 2009-ல் வந்த 'ஹனுமான்: பாய் வாரியர்' பிஎஸ்2 கேம்தான். அந்த டிஸ்க் உங்ககிட்ட இருந்தா, அதைப் போட்டு ஆட பிஎஸ்5 உதவாது. பழைய பிஎஸ்2-தான் வேணும்.

பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2-ல் வந்தது. 4,000-க்கும் மேற்பட்ட பிஎஸ்4 கேம்கள் இருக்கு, அதுல மிகப் பெரும்பான்மை இதுல ஓடும்னு சோனி சொன்னாங்க. நடைமுறையிலும் அப்படித்தான். சில கேம் முன்னைவிடச் சீக்கிரம் லோடு ஆகுது, படமும் தடங்கல் இல்லாம வருது. பிஎஸ்4 கேம்களை வெளியில மாட்டுற யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்ல வெச்சே ஆடலாம். பிஎஸ்5 கேமுக்கு அது முடியாது. பழைய பிஎஸ்4 கன்ட்ரோலரும் பிஎஸ்4 கேமுக்குப் பயன்படும், பிஎஸ்5 கேமுக்குப் பயன்படாது. இன்னொண்ணு: பழைய பிளேஸ்டேஷன் விஆர் கேம்கள் விஆர் 2-ல் ஓடாது.

எக்ஸ்பாக்ஸ்: டிஸ்க் ஒரு சாவி மட்டும்தான்

மைக்ரோசாஃப்ட் வேற வழியில போனாங்க. 2013-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்-ல் ஆரம்பத்துல 360 கேம் எதுவும் ஓடலை. 2015 நவம்பர்ல எமுலேட்டர் மூலமா 360 கேம்களை ஓட வெச்சாங்க. 2017-ல் முதல் எக்ஸ்பாக்ஸ் கேம்கள் சிலதும் சேர்ந்தது.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. 360 டிஸ்க்கைப் போட்டா மெஷின் டிஸ்க்ல இருக்குறதை ஓட்டுறதில்லை. "இவர்கிட்ட டிஸ்க் இருக்கு"ன்னு உறுதி பண்ணிக்கிட்டு, மாத்தி அமைச்ச பதிப்பை இணையத்துல இருந்து இறக்கிக்கும். அப்புறம் ஆடும்போதெல்லாம் டிஸ்க் உள்ளே இருக்கணும். வங்கி லாக்கர் சாவி மாதிரி வெச்சுக்கோங்க: சாவி உங்ககிட்ட, பொருள் அவங்ககிட்ட. அதனால ஆன்லைன் பட்டியல்ல இல்லாத கேமோட டிஸ்க் உங்ககிட்ட புதுசு போல இருந்தாலும் ஓடாது. 2021 நவம்பர்ல கடைசியா 76 கேம்களைச் சேர்த்துட்டு, உரிமம், தொழில்நுட்பம், சட்டம் ஆகிய காரணங்களால இதுக்கு மேல சேர்க்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. உங்க கேம் அந்தப் பட்டியல்ல இருக்கான்னு முதல்ல பாருங்க.

இந்தியாவுல சீரிஸ் எஸ் அறிமுக விலை ரூ.34,990, சீரிஸ் எக்ஸ் ரூ.49,990. ரூ.15,000 மிச்சம்னு சீரிஸ் எஸ் வாங்கினா, அலமாரியில இருக்குற ஒவ்வொரு டிஸ்க்கும் அன்னிக்கே ஷோகேஸ் பொருளாயிடும். டவுன்லோடா வாங்கின பழைய கேம்கள், பட்டியல்ல இருந்தா, உங்க கணக்குல தானா வந்துடும்.

நின்டெண்டோ

சுருக்கமா முடிச்சுடுறேன், ஏன்னா நின்டெண்டோ இந்தியாவுல நேரடியா விற்குறதில்லை. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சு வாங்குறவங்கதான் அதிகம். உத்தரவாதத்தைக் கேட்டுட்டு வாங்குங்க. 2025 ஜூன் 5-ல் வந்த ஸ்விட்ச் 2 பெரும்பாலான ஸ்விட்ச் கேம்களை ஓட்டும், கார்டும் சரி, டவுன்லோடும் சரி. சில கேம்களுக்குப் புது மெஷினோட முழு பலம் வேணும்னா தனி அப்கிரேடு கட்டணம்: உதாரணமா 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்'-க்கு 9.99 டாலர். கட்டலேன்னாலும் பழைய கேம் பழைய மாதிரியே ஓடும். அதனால முதல்ல சும்மா ஆடிப் பாருங்க, அப்புறம் கட்டலாம்.

டிஸ்க் சொத்து, டவுன்லோடு உரிமம்

இதை மட்டும் நிதானமா படிங்க. ஒரு ஆடிட்டரா இதுதான் எனக்கு முக்கியமான பகுதி.

டிஸ்க் வாங்கினா ஒரு பொருளை வாங்குறீங்க. விற்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம், தம்பிக்குக் கைமாத்தலாம். டவுன்லோடுக்கு அதே ரூ.4,999 கொடுத்தாலும் கிடைக்கிறது ஆடுறதுக்கான உரிமம் மட்டும். அதை விற்க முடியாது; கணக்கோட ஒட்டினது. கலிபோர்னியா மாகாணம் இதுக்குன்னே ஒரு சட்டம் போட்டு, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உரிமத்தை மட்டும் கொடுக்கும்போது, அது உரிமம்தான்னு வாடிக்கையாளருக்குத் தெளிவா சொல்லணும்.

உரிமம்னா நடைமுறையில என்ன அர்த்தம்? சில நிஜச் சம்பவங்கள்:

- 2021 மார்ச்ல பிஎஸ்3, வீட்டா, பிஎஸ்பி கடைகளை மூடப்போறதா சோனி அறிவிச்சாங்க. எதிர்ப்பு கிளம்பினதும் பிஎஸ்3, வீட்டா கடைகளை மட்டும் தொடரச் சம்மதிச்சாங்க.
- 2023 மார்ச் 27-ல் நின்டெண்டோவோட 3டிஎஸ், வீ யு கடைகள்ல விற்பனை நின்னுபோச்சு.
- 2024 மார்ச் 31-ல் யுபிசாஃப்ட் 'தி க்ரூ' கேமோட சர்வரை நிறுத்தினாங்க. அந்தக் கேம் ஆன்லைன்ல மட்டும்தான் ஓடும். டிஸ்க் வெச்சிருந்தவங்களுக்கும் அன்னியோட முடிஞ்சது.
- 2024 ஜூலை 29-ல் எக்ஸ்பாக்ஸ் 360 கடை மூடப்பட்டது. ஏற்கெனவே வாங்கினதை மறுபடி இறக்கலாம். புதுசா வாங்க முடியாது.
- 2018-ல் 'ஜிடிஏ 4' கேம்ல இருந்து பல பாட்டுகள் அப்டேட் மூலமா காணாமப் போச்சு. பாட்டுக்கு வாங்கியிருந்த உரிமம் முடிஞ்சுபோனதுதான் காரணம்.

அமெரிக்காவுல 2010-க்கு முன்னால வெளிவந்த பழைய கேம்கள்ல 87 சதவீதம் இன்னிக்குக் கடையில வாங்கவே கிடைக்கலைன்னு வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொல்லுது. அதாவது நீங்க விற்றுட்ட பழைய டிஸ்க்கை, பின்னாடி ஆசைப்பட்டா, புதுசா வாங்க முடியாமலே போகலாம்.

'தி க்ரூ' உதாரணத்தை மட்டும் மறுபடி பாருங்க. டிஸ்க்னாலே பாதுகாப்புன்னு அர்த்தமில்லை. ஒரு கேம் இணையம் இல்லாம ஓடுமாங்கறது டிஸ்க்கா டவுன்லோடாங்கறதைவிட முக்கியமான கேள்வி.

டிஸ்க் மாடலா, டிஜிட்டல் மாடலா? ஒரு கணக்கு

பிஎஸ்5 டிஸ்க் மாடல் ரூ.54,990, டிஜிட்டல் மாடல் ரூ.44,990 என்று வெச்சுக்குவோம். 2022 நவம்பர்ல விலை ஏறினப்போ இந்தியாவுல இருந்த விலை இது. இன்னிக்கு விலையைக் கடையில பார்த்து நீங்களே மாத்திப் போட்டுக்கோங்க. கீழே வர்ற மறுவிற்பனை விலைகள் என் அனுமானம், உங்க ஊர் நிலவரப்படி திருத்திக்கோங்க.

உங்ககிட்ட பிஎஸ்4 டிஸ்க் 14 இருக்கு. அதுல மறுபடி ஆடப்போறது 5. மீதி 9 சும்மா கிடக்கு. ஒரு பழைய டிஸ்க் விற்றா ரூ.600. தள்ளுபடி நேரத்துல டவுன்லோடா திரும்ப வாங்கினா ஒண்ணுக்கு ரூ.1,500.

டிஸ்க் மாடல் வாங்கினா:
மெஷின் ரூ.54,990
ஆடாத 9 டிஸ்க்கை விற்ற வரவு ரூ.5,400
நிகரச் செலவு ரூ.49,590

டிஜிட்டல் மாடல் வாங்கினா:
மெஷின் ரூ.44,990
14 டிஸ்க்கையும் விற்ற வரவு ரூ.8,400
5 கேமைத் திரும்ப வாங்கும் செலவு ரூ.7,500
நிகரச் செலவு ரூ.44,090

டிஜிட்டல் மாடல் ரூ.5,500 லாபம்! பழைய கேமை மட்டும் கணக்குல எடுத்தா, டிஸ்க் டிரைவுக்குக் கூடுதலா ரூ.10,000 கொடுக்குறது நியாயமாகலை. பலபேர் எதிர்பார்க்காத பதில் இது. காரணம், எத்தனை கேம் வெச்சிருக்கோம்ங்கறதைவிட எத்தனை மறுபடி ஆடப்போறோம்ங்கறதுதான் கணக்கைத் தீர்மானிக்குது. அலமாரியில இருக்குறதுக்காகவே "காசு போட்டிருக்கேனே"ன்னு பிடிச்சுக்கிட்டு இருக்காதீங்க. அது போன காசு.

ஆனா கணக்கு இங்கே முடியலை. இனி வாங்கப்போற புது கேம்களைச் சேருங்க. டிஸ்க்கா ரூ.4,999-க்கு வாங்கி, ரெண்டு மாசத்துல ஆடி முடிச்சு ரூ.3,000-க்கு விற்றா, அந்தக் கேமோட உண்மையான செலவு ரூ.1,999. டிஜிட்டல்ல விற்க வழியே இல்லை. அப்படி ரெண்டே ரெண்டு கேமை விற்றா ரூ.6,000. டிஜிட்டல் மாடலோட ரூ.5,500 லாபம் அதுலயே கரைஞ்சுபோயிடும். வருஷத்துக்கு நாலு கேம் வாங்கி விற்குறவருக்கு வருஷம் ரூ.12,000 மிச்சம்.

ஆக, என் முடிவு இது: முழு விலை கொடுத்துக் கேம் வாங்கி, முடிச்சு, விற்குற பழக்கம் இருந்தா டிஸ்க் மாடல். இலவச கேமோ, சந்தா கேமோ, தள்ளுபடியில மட்டும் வாங்குறதோ உங்க வழக்கம்னா டிஜிட்டல் மாடல் போதும். பிஎஸ்5 ப்ரோ-வும் டிரைவ் இல்லாமத்தான் வரும். அமெரிக்காவுல டிரைவ் தனியா 79.99 டாலர். அதையும் விலையோட சேர்த்துப் பாருங்க.

மறுபடியும் விற்கப்படும் பழைய கேம்

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' 2013-ல் பிஎஸ்3-க்கு வந்தது. 2014-ல் பிஎஸ்4-க்கு ரீமாஸ்டர். 2022-ல் பிஎஸ்5-க்கு முழுசா மறுபடி உருவாக்கி, 69.99 டாலர் விலையில. ஒரே கதை, மூணு மெஷின், மூணு பில். அந்த 2014 பிஎஸ்4 பதிப்பு பிஎஸ்5-ல் ஓடும். கதைதான் வேணும்னா மூணாவது பில் தேவையே இல்லை.

ரீமாஸ்டர்னா எப்பவும் நல்லா இருக்கும்னும் சொல்ல முடியாது. 2021-ல் வந்த ஜிடிஏ முத்தொகுப்பு பிழைகளுக்காகவே கடுமையா விமர்சிக்கப்பட்டது. அதுக்கு முன்னாடி பழைய பதிப்புகளைக் கடையில இருந்து எடுத்துட்டதால, பழசே போதும்னு இருந்தவங்களுக்கும் வழி இல்லாம போச்சு. வந்த அன்னிக்கே வாங்காதீங்க. ஒரு மாசம் பொறுத்தா குறையும் தெரியும், விலையும் குறையும்.

சந்தா பத்தி ஒரு வரி: பழைய கேமுக்காகச் சந்தா கட்டுறது வாடகை வீடு மாதிரி. ரெண்டு மாசம் கட்டி, வேணும்ங்கறதை ஆடி முடிச்சு நிறுத்துறவங்களுக்கு நல்ல டீல். வருஷக்கணக்கா தானா கழியவிட்டா, வாடகை நம்ம கையில இல்லை. எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் 2025 அக்டோபர்ல அமெரிக்காவுல 19.99 டாலர்ல இருந்து 29.99 டாலராச்சு, ஒரே தாவல்ல.

எமுலேட்டர் போட்டு கம்ப்யூட்டரில் ஆடலாமா?

எமுலேட்டர் எழுதுறதே குற்றம்னு ஒரு எண்ணம் இருக்கு. 2000-ல் சோனிக்கும் கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்குல அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் நின்னது. ஆனா 2024-ல் ஸ்விட்ச் எமுலேட்டரான யூசு மேல நின்டெண்டோ வழக்குப் போட்டு, அவங்க 24 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதிச்சு மூடிட்டாங்க. முக்கியமான விஷயம்: இணையத்துல ஓசியில கிடைக்குற கேம் ஃபைலை இறக்குறது காப்புரிமை மீறல். கூடவே வைரஸும் வரும். நெட் பேங்கிங் பண்ணுற அதே லேப்டாப்ல அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

பழைய மெஷினை விற்கலாமா?

இதுக்கு ஒரே விதி: உங்க கேம்களுக்குப் புது மெஷின்ல பாலம் இருந்தா விற்கலாம், இல்லேன்னா விற்காதீங்க.

பிஎஸ்4-ல இருந்து பிஎஸ்5-க்குப் போறீங்களா? தாராளமா விற்கலாம். சேவ் ஃபைலை முதல்ல மாத்திக்கோங்க. யுஎஸ்பி வழியாவோ, வீட்டு வைஃபை வழியாவோ முடியும். அப்புறம் கணக்கை நீக்கி, மெஷினை ஃபேக்டரி ரீசெட் பண்ணிட்டுக் கொடுங்க. கார்டு விவரம் அந்தக் கணக்கோட இணைஞ்சிருக்கும், மறக்காதீங்க.

பிஎஸ்3-யும் 15 டிஸ்க்கும் இருக்கா? வெச்சுக்கோங்க. விற்றா கிடைக்குறது சொற்பம். அந்தக் கேம்கள்ல பலதுக்கு வேற வழியே இல்லை.

பழசை செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க, ரிச்சி தெருவா இருந்தாலும் ஆன்லைனா இருந்தாலும், சொந்த டிஸ்க் ஒண்ணு கையோட கொண்டுபோய் 20 நிமிஷம் ஓட்டிப் பாருங்க. டிரைவ் லென்ஸும் ஃபேன் சத்தமும் அதுல தெரிஞ்சிடும். பிஎஸ்2-க்கு மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயர் வேணும். புது டிவியில அந்தத் துளை இல்லேன்னா கன்வெர்ட்டர் செலவையும் சேருங்க. பிஎஸ்4 டிஸ்க் எந்த நாட்டுதா இருந்தாலும் ஓடும், ஆனா கூடுதல் உள்ளடக்கம் அந்த நாட்டுக் கணக்குலதான் வேலை செய்யும். 'முழுப் பதிப்பு'ன்னு போட்ட வெளிநாட்டு டிஸ்க் வாங்கும்போது இதைக் கேளுங்க.

வரி?

இதையும் கேட்டிருந்தீங்க. சொந்த உபயோகத்துக்கு வாங்கின கன்சோல், டிஸ்க் எல்லாம் வருமான வரிச் சட்டப்படி தனிப்பட்ட உபயோகப் பொருள். அது மூலதனச் சொத்துல வராது. அதனால விற்று லாபம் வந்தாலும் மூலதன ஆதாய வரி கிடையாது. நஷ்டம் வந்தா கழிச்சுக்கவும் முடியாது. ஆனா வாங்கி விற்குறதையே தொடர்ந்து செஞ்சா அது தொழில் வருமானம், கணக்குல காட்டியாகணும்.

நோ காஸ்ட் இ.எம்.ஐ-ல வாங்கினா, வட்டிக்குச் சமமான தள்ளுபடியைக் கடை கொடுத்தாலும் வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி உங்க கார்டுல வரும். பிராசஸிங் கட்டணமும் இருக்கலாம். 'நோ காஸ்ட்'ங்கறது பேரு மட்டும்தான்.

பில் போடுறதுக்கு முன்னால 5 கேள்வி

1. என்கிட்ட இருக்குற கேம்கள்ல நிஜமா மறுபடி ஆடப்போறது எத்தனை? பேர் எழுதுங்க, எண்ணிக்கை வேண்டாம்.
2. அந்த ஒவ்வொண்ணும் புது மெஷின்ல ஓடுமா? கம்பெனியோட அதிகாரப்பூர்வ பட்டியல்ல பாருங்க.
3. அது டிஸ்க்கா, டவுன்லோடா? டிஸ்க்னா நான் வாங்குற மாடல்ல டிரைவ் இருக்கா?
4. இணையம் இல்லாம அந்தக் கேம் ஓடுமா?
5. ஒரு வருஷத்துல முழு விலைக்கு எத்தனை புது கேம் வாங்குறேன், எத்தனையை விற்குறேன்?

அஞ்சுக்கும் பதில் எழுத அரை மணி நேரம் போதும். ரூ.50,000 செலவுக்கு அரை மணி நேரம் அதிகமில்லை. முதல் கேள்விக்கே பேர் எழுத முடியலைன்னா, பழைய கேம் ஓடுமாங்கற கவலையை விட்டுட்டு, உங்ககிட்ட இருக்குற மெஷினே இன்னும் ஒரு வருஷத்துக்குப் போதுமான்னு யோசிங்க. அந்த ஒரு வருஷத்துல மாசம் ரூ.4,000 ஆர்.டி. போட்டாலே புது மெஷினைக் கடன் இல்லாம வாங்கிடலாம்.

உங்க கணக்கு எப்படி வந்ததுன்னு கமெண்ட்ல எழுதுங்க. டிஸ்க் எண்ணிக்கை, மறுபடி ஆடப்போறது, வருஷத்துக்கு வாங்குறது, இந்த மூணு எண் இருந்தா போதும். அடுத்த வீடியோவுல சிலதை எடுத்துப் போட்டுப் பார்ப்போம்.